விற்ற சரக்கு

சிறுநீரகத்தின் விலை ஒரே ஒரு நாணயம். பாத்திரக்கடைக்காரர் வாய் திறந்து சொன்ன விலை அதுதான்.

ஆறு வருடத்துக்கு முன், அறுவைக்கு முதல் நாள், பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளிடம் கையை நீட்டினார்.

"இனாமா வாங்கினா ஆயுசுக்கும் என் முன்னால தலை குனிஞ்சு நிப்ப. காசு குடு. அப்புறம் அது உன் சரக்கு. நான் யாரு கேக்க?"

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். மகள் கைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அதை அவர் கல்லாவில் போடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார்.

இன்று அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார்.

மகளுக்கு இப்போது இருபத்தைந்து வாரக் கர்ப்பம். ரத்த அழுத்தம் ஏறுகிறது. வாங்கிய சிறுநீரகத்தின் வேலை இறங்குகிறது. இன்றே பிள்ளையை வெளியே எடுத்தால் தாய்க்கு வழி உண்டு. பிள்ளை எழுநூறு கிராம், தேறுவது கஷ்டம். மகளோ இன்னும் மூன்று வாரம் தாங்குவேன் என்கிறாள். அதற்குள் சிறுநீரகம் போகலாம். அவளே போகலாம்.

எழுநூறு கிராம். அவர் கடையில் கனமான பித்தளைச் செம்பு ஒன்று அந்த எடை வரும்.

"மூணு வேணாம், ஒரு வாரத்துல முடிச்சுக்கலாமா டாக்டரம்மா?"

கல்லிலும் நார் உரிப்பார் என்று தெருவே சொல்லும் மனுஷன்.

"என்கிட்ட இல்லீங்க. கையெழுத்துப் போடவேண்டியது உங்க பொண்ணு."

மாப்பிள்ளை ஏற்கெனவே கெஞ்சி ஓய்ந்து, வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

மகளின் முகம் ஊதிப்போயிருந்தது. கண் இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா, கடையைப் பூட்டிட்டா வந்தீங்க? விளங்கிடும் வியாபாரம்."

அவர் நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"வித்தத நானே திரும்ப வாங்கிக்கறேன் கண்ணு. இப்ப அது என் சரக்கு. என் பேச்சைக் கேளு. கையெழுத்தைப் போடு."

அவள் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விற்ற சரக்கு வாபஸ் இல்லைன்னு கடையில போர்டு மாட்டினது யாருப்பா?"

மாட்டியது அவரேதான். வாசலில், வருகிறவன் தலை இடிக்கிற உயரத்தில்.

அவமானமாக இருந்தது. நாணயத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"குடுத்த காசு குடுத்ததுதான். வெறுங்கையோட அனுப்பமாட்டேன்."

நீட்டிய கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"இதை வச்சுக்குங்க. நான் இருந்தாலும் இல்லேன்னாலும் இது உங்களுது."

உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவர் கையைத் தட்டியது. வாங்குகிறவர் எதிரில் பாத்திரத்தில் ஓட்டை இல்லை என்று அவர் தட்டிக் காட்டுவாரே, அந்த மாதிரி.

அதற்கு அவர் பேரம் பேசவில்லை.

வராந்தாவுக்கு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், கணக்கு தானாக ஓடியது. விற்றது ஒரு சிறுநீரகம். வாங்கியது ஒரு பேரப்பிள்ளை. நாணயம் புறப்பட்ட கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

சரக்கு வர மூன்று வாரம் பாக்கி.