அப்பாவுக்கு அனுப்பிய மாத்திரை

வீடியோ காலில் அப்பாவுக்குப் பின்னால் அலமாரி தெரிந்தது. நான் அனுப்பிய தேங்காய்ச் சத்து மாத்திரை டப்பாக்கள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அப்பா எழுந்து போனதும் தங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதிர்ப்புச் சக்தி கூடும்னு பார்த்துப் பார்த்து அனுப்பினா, கண்காட்சியா வச்சிருக்கீங்க?"

"டாக்டர் குடுக்க வேணாம்னுட்டாருண்ணா."

"அப்பா ஆள் பாதியா இளைச்சிருக்காரு. வீட்டுக்குள்ளயே மாஸ்க் வேற. எதிர்ப்புச் சக்தி கூடக் கூடாதுன்னு எந்த டாக்டராவது சொல்வாரா? காது குத்தாத!"

"கூடினா, புதுசா வச்சதை உடம்பு ஏத்துக்காதாம்."

"எதைடி வச்சாங்க?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கிட்னியைண்ணா. போன மாசம் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது."



"போன மாசமா? தினமும் போன் பண்ணினேனேடி! 'அப்பா தூங்குறாரு'ன்னு நீ, 'கடைக்குப் போயிருக்காரு'ன்னு அம்மா... கூசாம எப்படிடி சொன்னீங்க? நான் என்ன மூணாம் மனுஷனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கிட்னியையே குடுத்திருப்பேனே!"

"அதுக்குப் பயந்துதாண்ணா சொல்லல."

விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் முந்திக்கிட்டேன்."