உதிரும் வண்ணம்

மத்தியான வெயிலை மறைத்துக் கறுப்புத் துணி கட்டிய அறையில், பழைய படச்சுருள்களைச் சீர்செய்கிறவள் படம் காட்டும் கருவியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். துருப்பிடித்த தகர டப்பாவில் அகப்பட்ட சித்திரப் படம் இது. யாரோ கட்டம் கட்டமாகக் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஓட ஓட வண்ணம் பொடியாக உதிர்கிறது. இன்னொரு ஓட்டத்தை அது தாங்காது. பக்கத்தில் நிறுத்தியிருக்கும் கேமரா இப்போதே பிரதி எடுத்தால்தான் உண்டு. சுவரில் ஒரு வீடு மூச்சுவிடுகிறது, அதன் ஜன்னல்கள் இமைக்கின்றன. கதவைத் திறந்துகொண்டு முகமே இல்லாத ஒருத்தி, சிவப்புப் பாவாடை தரையில் ஒழுக, நேரே இவளைப் பார்த்து நடந்து வருகிறாள். இவள் கைப்பிடியை விடாமலே ஓரடி பின்வாங்குகிறாள். "போயும் போயும் பொம்மைக்கா இப்படி வெலவெலக்குறீங்க, அண்ணி? எங்கண்ணனைக் கட்டிக்கிட்டப்பகூட இவ்வளவு பயப்படலையே!" என்று கேமராவைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் கேலி செய்கிறாள். அந்தப் பெண் இப்போது சுவர் முழுக்க நிறைந்துவிட்டாள். வெற்று முகத்தில் கீறல் போல ஏதோ திறக்கத் தொடங்குகிறது. பாவம், இவள் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். கை மட்டும் சுற்றுகிறது. கருவி கடகடக்கிறது. நாத்தனாரின் சிரிப்பு பாதியில் அறுந்துபோகிறது. சில்லிட்ட விரல்கள் வந்து இவள் தோளைப் பற்றுகின்றன.

"அண்ணி, கண்ணைத் திறந்துடாதீங்க. சுத்துங்க."