மல்லியின் மறுபாதி

சித்திரை வெயிலுக்குப் பயந்து பொற்கொடி அடுக்களைச் சன்னலோரத் தட்டில் மிளகாய் நாற்று வளர்த்தாள். அதன் பக்கத்திலேயே மல்லி விதைக்க நினைத்தாள். முழு மல்லி முளைக்கச் சோம்பும் என்று உள்ளங்கையில் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்தாள். ஒரு மல்லியின் ஒரு பாதி மண்ணுக்குள் போயிற்று. மறுபாதி, கையில் மிஞ்சியவற்றோடு அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று.

"என்னவள் முளைத்துவிட்டாளா?" என்று மண்ணுக்குள்ளிருந்து பாதி மல்லி ஓயாமல் கேட்டது.

"முதலில் நீ வெளியே வாய்யா! வந்து நீயே தேடிக்கொள்," என்றது மிளகாய் நாற்று.

அதற்காகவே மல்லி முளைத்தது. தட்டு முழுவதும் தேடியது. அவள் இல்லை. எட்டிப் பார்ப்பதற்காகவே உயர்ந்து, தழைத்தது.

ஒரு நாள் காலை, உரலில் மல்லி இடிக்கும் வாசனை வந்தது. சற்று நேரத்தில் அடுப்பில் ரசம் நுரை கட்டியது.

"அவள்தான்," என்றது மல்லி.

"எல்லா மல்லியும் ஒரே வாசனைதானே?"

"ஒரே ஓட்டுக்குள் இருந்தோமப்பா. எனக்குத் தெரியாதா?"

அப்போது பொற்கொடி சன்னலை நோக்கி வந்தாள்.

"ஐயோ, ரசத்தில் போடத் தழை கிள்ள வருகிறாள்! குனிந்துகொள்!" என்று பதறியது மிளகாய்.

மல்லி தன் தண்டை நிமிர்த்தி, அவள் விரல்கள் முதலில் தன்மேல் படும்படி நின்றது.