நாலாவது சீட்டு

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய நோபல் பார்க் வீட்டுக் குசினி மேசையில் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் துவாரகா, நிகழ்தகவுப் பாடத்துக்காக வீட்டிலுள்ளவர்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதித் தேநீர்க் கோப்பைக்குள் போடுகிறாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, பெயரைக் குறித்துவிட்டுத் திரும்ப உள்ளே போடவேண்டும்; இப்படி இருபது தரம். அப்பா, அம்மா, அவள். ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று. “ஏன் மூண்டு? நாங்கள் நாலு பேரெல்லோ,” என்கிறாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அம்மா. துவாரகாவின் பென்சில் அப்படியே நிற்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பே, ஊரில் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவன் அண்ணா கஜீவன். சுவரிலிருக்கும் அவன் படத்துக்கு மாலை போட அம்மா இன்றுவரை விடவில்லை. ரீச்சர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்க வாயெடுத்தவள், கொப்பியில் இன்னொரு துண்டைக் கிழித்து அவன் பெயரை எழுதுகிறாள். மூன்றை அழித்து நான்காக்குகிறாள்.

“நீங்களே எடுங்கோ அம்மா.” அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுக்கிறாள். ஆறாவது தரம் விரித்த சீட்டைப் பார்த்ததும் அவள் உதடு அசைகிறது. பெயர் வெளியே வரவில்லை. துவாரகா எட்டிப் பார்த்து, கஜீவனுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுக் கோப்பையை நீட்டுகிறாள். “திரும்பப் போடுங்கோ. அப்பதான் கணக்குச் சரிவரும்.” வெங்காயம் மணக்கும் விரல்கள் சீட்டைப் பொத்திக்கொள்கின்றன. கோப்பை நீட்டியபடியே இருக்கிறது.

“இப்பதானே பிள்ளை கைக்கு வந்தவன்,” என்கிறாள் அம்மா.