கை நனைத்த மாப்பிள்ளை

நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளை, ஒரு கரண்டிச் சோற்றோடு "போதுங்க" என்று இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டியதும் பழனியாண்டிக் கங்காணியின் முகம் சுருங்கிப் போனது.

பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. அதுவும் மாப்பிள்ளை தரணிதரன், மஸ்கெலியா பஸாரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். கங்காணி மகள் நிலக்ஷியோ லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். டவுன்காரனுக்கு லயத்துச் சோறு இறங்கவில்லை என்று நாளைக் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற அத்தனை பேரும் பேசுவார்கள். நாலு பேர் பேச்சுக்குப் பயப்படுவதில் கங்காணியை மிஞ்ச ஆள் கிடையாது.

"எங்க வீட்டுச் சோறு ஒங்களுக்கு ஒத்துக்காதா மாப்ள?"

"அப்படி இல்லீங்க மாமா. கொஞ்சமாச் சாப்பிட்டுத்தான் பழக்கம்."

"கை நனைக்கிறதுன்னா விரல் நுனிய மட்டும் நனைக்கிறதில்ல."

தரணிதரன் இலைக்கு மேலிருந்த கையை எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் கங்காணியைப் பிடிக்க முடியவில்லை. சோறு ஒரு கரண்டி, அதன்மேல் இன்னொரு கரண்டி, பாயசம் இரண்டு டம்ளர், லட்டு, கேசரி. பரிமாறிய மனைவி அன்னம்மா கொஞ்சம் தயங்கியதற்கு, கை வரமாட்டேன் என்கிறதா என்று அவளுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது. பையன் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தான். பார்த்துக்கொண்டிருந்த கங்காணிக்குத்தான் வயிறு நிறைந்தது.

சாயந்தரம் மழையில் மண் சரிந்து பாதை மூடிவிட, மாப்பிள்ளை வீட்டார் லயத்திலேயே தங்கினார்கள்.

விடிந்தபோது தரணிதரன் பாயை விட்டு எழவில்லை. கண் திறந்திருக்கிறது, பேச்சு வருகிறது. கையும் காலும் மட்டும் மரக்கட்டையாய்க் கிடந்தன. பாதை திறந்ததும் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே டொக்டர் றிப்காவுக்கு அவனை ஏற்கெனவே தெரிந்திருந்தது. இப்படிக் கை கால் விழுந்துபோகிற நோயைப் பற்றித்தான் டொக்டருடைய ஆராய்ச்சி. தரணிதரனும் அவன் அம்மாவும் அதற்கு ரத்தம் கொடுத்தவர்கள். மருந்து ஏற்றிவிட்டு, பொறுமையாகவே கங்காணிக்கு விளக்கினார்.

"தசையில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல் இருக்கு. அயனிக் கால்வாய்னு சொல்லுவோம். ஒடம்புல உள்ள உப்புச்சத்து அது வழியாத்தான் போய் வரும். இவருக்கு அதுல ஒரு வாசல் பிறப்பிலேயே பழுது. சோறும் இனிப்பும் கூடிப்போனா, ரத்தத்துல இருக்கிற பொட்டாசியம் தசைக்குள்ள போயிடும். கை கால் சொன்ன பேச்சுக் கேக்காது. அளவாச் சாப்பிட்டா மத்தவங்க மாதிரி வாழலாம். இப்படித் திணிச்சா இதயமே நின்னு போகலாம். யார் இவருக்கு இவ்வளவு போட்டது?"

கங்காணிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அவரிடம் கோபமாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை. கட்டிலருகே போய், வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

"பொறப்புலேயே இருக்கிற நோய மறைச்சா பொண்ணு கேட்டு வந்தீங்க?"

தரணிதரனின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேணாம்மா" என்று அவன் தடுத்துவிட்டான். பிறகு கங்காணியைப் பார்த்து, "தப்புத்தான் மாமா. மன்னிச்சிருங்க" என்றான்.

அத்தோடு சம்பந்தம் முறிந்தது. நிலக்ஷி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கங்காணியோ தேத்தண்ணிக் கடையில், கோயிலில், பஸ்ஸில் என்று கண்ட இடத்திலெல்லாம் தான் மகளைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாலு மாதம் கழித்துக் கொத்மலையிலிருந்து யோகேஸ்வரன் என்பவர் அவரைத் தேடி லயத்துக்கு வந்தார். தன் மகளைத் தரணிதரனுக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

"நோயப் பத்தி மாப்பிள்ளையே சொல்லிட்டாருங்க. டொக்டரம்மாவையும் பாத்துப் பேசிட்டோம். அதுல எங்களுக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா ஒங்ககிட்ட மறைச்சாருன்னு பஸார்ல பேசிக்கிறாங்க. ஏமாத்துற ஆளுக்குப் பொண்ணக் குடுக்க முடியாது பாருங்க. அது மட்டும் நெசந்தானா?"

"நெசந்தாங்க. ஒரு வார்த்த சொல்லல. ஆஸ்பத்திரியில வச்சு அவரே ஒத்துக்கிட்டாரு."

யோகேஸ்வரன் வாசலில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டு, இது வேண்டாம் என்று சொன்னார். கங்காணியின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

இன்னொரு குடும்பத்தையும் காப்பாற்றிய நிறைவோடு கங்காணி உள்ளே திரும்பினார். கதவுக்குப் பின்னால் அன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இப்போது எதற்கு அழுகிறாய் என்று அதட்டினார்.

"மொத மொத பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அந்தத் தம்பி எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாருங்க. மாமாகிட்டயும் சொல்லணும்னாரு. நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு, கெஞ்சித் தடுத்தது நாந்தான். தெரிஞ்சுக்கிட்டே, ஒங்களுக்குப் பயந்து அவரு இலையில அவ்வளவு சோத்தையும் போட்டவ நான். சாகக் கெடந்தப்பக்கூட அவரு என்னையக் காட்டிக் குடுக்கல" என்றாள் அன்னம்மா. "இப்ப அந்தக் கொத்மலை மனுசன் கேட்டப்ப, நான் இங்கதாங்க நின்னேன். அப்பவும் வாயத் தொறக்கலியே."