அம்மாசி விற்ற அம்பாசிடர்

மாட்டுத் தரகன் அம்மாசியைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கூடாது. அவன் எதையும் திருடியதில்லை. விற்றதோடு சரி. ஒருமுறை கள்ளக்குறிச்சிப் பக்கம், செத்துக் கிடந்த எருதை "ரொம்ப சாதுங்க, அதட்டவே வேணாம்" என்று சொல்லி விற்றுவிட்டு, வாங்கியவனிடமே பீடி கேட்டுப் பற்றவைத்தவன்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டிலேயே எண்பத்தேழாம் வருஷம் அடுப்பு அணைந்துவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. எங்கேயும் சந்தை கூடவில்லை.

"இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீன்னா கதவத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் பெண்டாட்டி தைலம்மாள் அவனை அனுப்பியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

தியாகதுருகம் தாண்டி, விழுந்த மரத்துக்குப் பின்னால் லாரியும் காருமாக ஒரு மைலுக்கு நின்றன. வண்டிக்காரர்களெல்லாம் சோறு தேடி ஊருக்குள் போயிருந்தார்கள். கட்டிப்போட்ட மாடுகள் மாதிரி வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்ததும் அம்மாசிக்கு உள்ளங்கை அரித்தது.

அன்று மறியலின் கடைசி நாள். கூப்பிடு தூரத்தில் மரத்துக்குக் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது நகர்ந்ததும் வண்டிக்காரர்கள் ஓடி வந்துவிடுவார்கள். அதற்குள் யாரிடமாவது அச்சாரம் வாங்கிவிட வேண்டும்.

வரிசையில் முதலாவதாக ஒரு வெள்ளை அம்பாசிடர். அதை ஒரு பெரியவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து அடியில் பார்த்தார். டயரை உதைத்தார். பெருமூச்சு விட்டார்.

சந்தையில் மாட்டைச் சுற்றி வருகிறவன் வாங்க வந்தவன். விற்க வந்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். அம்மாசி நேரே போய் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"இன்னா பெரியவரே, நம்ம வண்டி புடிச்சிருக்கா? குடுக்கற வண்டிதான்."

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, ஒன்னோடதா? நான் கச்சிராயபாளையம். பேரு மாயவன். ஏன்பா குடுக்கற?"

"பொண்ணு கல்யாணமுங்க." அம்மாசிக்குப் பெண்ணே கிடையாது.

"கல்வராயன் மலை ஏறுமா?"

"ஏறுங்க. எறங்கச் சொன்னாத்தான் மொறைக்கும்."

"பின்னங்கால் ஒண்ணு நொண்டுதே?"

பின்பக்கத்து டயர் ஒன்று தரையோடு தரையாக இருந்தது. அம்மாசி அசரவில்லை. "கட்டாந்தரையில படுத்து எழுந்ததுங்க. இப்ப சரி பண்ணிடலாம்."

"பண்ணு, பாப்போம். இந்த மாதிரி வண்டிங்க டிக்கிய குத்தினா தொறந்துக்கும்." பெரியவர் ஓர் இடம் பார்த்து ஒரு குத்து விட்டார். டிக்கி வாயைப் பிளந்தது. உள்ளே ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருந்தன.

உச்சிவெயிலில் அம்மாசி தரையில் கிடந்து டயரை மாற்றினான். ஒரு கண் நட்டின் மேல், மறு கண் ரோட்டின் மேல்.

"சீக்கிரமுங்க, இன்னும் நாலு பேரு கேட்டுக்கினு இருக்காங்க."

"இருப்பா. தண்ணி காட்டிப் பாக்க வேணாமா?"

வயல் கிணற்றுக்கு ஓடி, வாளியில் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் ஊற்றினான். "இன்னும் கம்மியா இருக்கே" என்றார் பெரியவர். மறுபடி ஓடினான். கண்ணாடியில் புழுதி ஜாஸ்தி என்றார். தன் துண்டாலேயே துடைத்தான். மாடு வாங்க வந்த எவனும் அவனை இப்படி வேலை வாங்கியதில்லை.

மாட்டுச் சந்தை வழக்கப்படி, அந்த அழுக்குத் துண்டையே கைமேல் போட்டு மூடி, அடியில் பெரியவரின் விரலைப் பிடித்து விலை சொன்னான். ஒரு விரலைக்கூட மடக்காமல் பெரியவர் தலையாட்டிவிட்டார். பேரம் பேசாதவனை அம்மாசி வாழ்நாளில் அன்றுதான் பார்த்தான்.

"அச்சாரமுங்க?"

"ஓட்டிப் பாத்துட்டுத் தரேன். சாவி எங்க?"

அம்மாசி சட்டையைத் தடவினான், மடியைத் தடவினான். "வூட்ல... பொண்டாட்டி இடுப்புல இருக்குதுங்க."

"அட, அதுக்கு ஏன் முழிக்கிற? பழைய வண்டிக்கு எந்தச் சாவியும் சேரும்." பெரியவர் தன் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நுழைத்தார். சேர்ந்தது.

டிக்கிக்கு ஒரு குத்து, கதவுக்கு ஒரு சாவி. ஆள் பலே கைகாரன் என்று அம்மாசிக்குப் புரிந்துபோனது. ஆனால் எந்த வாயால் கேட்பது?

"பேட்டரி படுத்துடுச்சு. தள்ளு" என்று பெரியவர் உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

தள்ளினான். நரம்பு புடைக்கத் தள்ளினான். வண்டி இருமியது, செருமியது, அவன் முகத்தில் கரும்புகையைத் துப்பிவிட்டுக் கிளம்பியது. மரம் அப்போதுதான் ஓரமாகியிருந்தது. அந்தச் சந்தில் புகுந்த அம்பாசிடர் நிற்கவே இல்லை.

"அச்சாரம்! பெரியவரே, அச்சாரம்!"

ஓடிப் பார்த்து, முடியாமல், நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான் அம்மாசி. அச்சாரம் போன துக்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது. அடுத்தவன் வண்டியைப் பட்டப்பகலில் அடித்துக்கொண்டு போகிறானே, இந்த நாடு உருப்படுமா?

"திருடன்! திருடன்! வண்டிய ஓட்டிக்கினு போறான், புடிங்க!"

மரம் இழுத்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெயம்மாள் என்கிற உள்ளூர்க்காரி, ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"வெய்யில்ல மண்ட கொழம்பிப்போச்சா ஒனக்கு? மொதல்ல இதக் குடி" என்றவள், ஈரமும் கிரீஸுமாக இருந்த அவன் சட்டையைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"பாவம், டயரு மாத்தி தள்ளிவுடுங்கப்பானு அந்தப் பெரியவரு மூணு நாளா தன் வண்டிய சுத்திச் சுத்தி வந்து எல்லாரையும் கெஞ்சினாரு, எவனும் எழுந்து வரல, நீ ஒருத்தன்தான்யா மனுசன்!"