எடி ஏன் விழுகிறார்?

“ஆறு மட்ச். பதினொரு தரம் விழுந்திருக்கிறான். பதினொரு தரம்!”

கப்டன் நித்தியானந்தன் சின்னக் கொப்பி ஒன்றை உயர்த்திக் காட்டினார். எந்த நிமிடத்தில் விழுந்தான் என்பதுகூட அதில் இருந்தது. மனிதர் தன் கலியாண நாளைக்கூட இத்தனை கவனமாகக் குறித்து வைத்திருக்கமாட்டார்.

சிட்னி ஒலிம்பிக் முடிந்த மறுவருடம். லிட்கமில் அவருடைய வீட்டுக் கராஜில் கழகத்தின் அவசரக் கூட்டம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஆடுகிற தமிழ்க் கழகம் அது. மட்ச் முடிந்து ஜெர்சியோடும் சேற்றோடும் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பிரேரணை, எடியை நீக்குவது.

எடியின் முழுப்பெயர் எடில்பேர்த்தோ. அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பந்து போய்விடுகிறது என்று கழகம் சுருக்கிவிட்டது. பெரு நாட்டுக்காரர். பொலிவியா, மெக்ஸிகோ, கிரேக்கம், சைப்ரஸ், மலேசியா என்று ஒன்பது நாடுகளில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடி, கடைசியாக சிட்னிக்கு வந்து ஓய்ந்தவர். இப்போது டயர் கடையில் வேலை. சொந்தபந்தம் கிடையாது. இந்தக் கழகமும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போக ஓர் இடமில்லை.

போன நாட்டிலெல்லாம் மூன்று சொல் கற்றுக்கொள்வது அவர் வழக்கம். தமிழில் கற்றது ‘தா’, ‘சோறு’, ஆமாம் என்பதற்கு ‘ஓம்’.

“விழுந்தது உண்மையோ?” என்று கேட்டார் செயலாளர் சிவமணி.

“ஓம்.”

“ஒருத்தரும் உங்களை இடிக்கேல்லை. சும்மா நடிச்சனீங்கள், என்ன?”

“ஓம்.”

விளங்கவில்லையோ என்று ஆங்கிலத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் ஓம்தான். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் தோளைக் குலுக்கினார்.

“குற்றத்தை ஒப்புக்கொண்டார் எண்டு எழுதட்டோ?” சிவமணி பேனையைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் ஆரோக்கியசாமி. பினாங்கிலிருந்து வந்தவர். “அங்க நான் இவர் ஆட்டத்த பாத்திருக்கேன். பின்னால இருந்து உதைப்பானுங்க. உதைச்சவன்தான் உருண்டு கிடப்பான், இவர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருப்பார். ஒன்பது நாட்டுல விழாத மனுஷன், லிட்கம்ல வந்து ஏன் விழணும்?”

“ஒன்பது நாட்டிலயும் இவனைக் கலைச்சுவிட்டதே இதுக்காகத்தான் இருக்கும்!” என்றார் நித்தியானந்தன்.

“போன வாரம் விழவே இல்லையே?” என்றார் ஆரோக்கியசாமி.

“போன வாரம் நான் வரேல்லை. மெல்பேர்னில ஒரு கலியாணவீட்டுக்குப் போனனான். நான் நிக்கேக்க மட்டும்தான் விழுகிறான். எனக்கெண்டே செய்யிற வேலை இது! அவன் விழ, ஆட்டம் நிக்க, நான் வெக்கத்தில முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு நிக்கிறன். என்ர மனுசி பாவம், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுறதை விட்டிட்டு ஓடி வந்து அவனை எழும்பச் சொல்லவேணும். அவ சொன்னால்தான் எழும்புவான் துரை!”

நித்தியானந்தனுக்கு வயது ஐம்பத்திரண்டு. “இருபது வயசுக்காரனோட ஓடுவன்” என்று சொல்லாத வாரம் கிடையாது. “களைச்சால் வேற ஆளை இறக்குவமோ?” என்று ஒருமுறை கேட்ட சிவமணியோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். போதாததற்கு இது அவருடைய கராஜ். ஆரோக்கியசாமி அடங்கிவிட்டார்.

எடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்த நாட்டிலும் கழகத்தை விட்டு அனுப்பும் முன் மனிதர்களின் முகம் இப்படித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நித்தியானந்தன் எழுந்து நின்று கத்தினார். “விளையாட்டெண்டால் நேர்மை வேணும்! உள்ளதை மறைச்சு நடிக்கிறவனுக்கு இந்தக் கழகத்தில இடமில்லை! எல்லாரும்... கையை...”

வார்த்தைகளுக்கு நடுவே கீச்சென்று ஒரு விசில் சத்தம் வந்தது.

“கையை... உயர்த்துங்...”

எடி அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் “ஆ!” என்று அலறி, முழங்காலைப் பிடித்தபடி கதிரையிலிருந்து விழுந்து தரையில் உருண்டார். பெயின்ட் வாளி ஒன்று அவரோடு சேர்ந்து உருண்டது.

“பாத்தீங்களே, கூட்டத்திலயும் விழுறார்!” என்று சிவமணி பேனையைப் போட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் எடியைச் சுற்றிக் குனிந்தார்கள்.

ஆரோக்கியசாமி மட்டும் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்.

இனி யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நிம்மதியோடு நித்தியானந்தன் சுவர்ப்பக்கம் திரும்பி, சப்பாத்து நாடாவைக் கட்டுகிறவர்போலக் குனிந்து, காலுறைக்குள்ளிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்தார். வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தார். விசில் நின்றது.

குசினிக் கதவருகில் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்ற அவர் மனைவி யோகராணி, கணவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு, ஞாயிறுதோறும் மைதானத்தில் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னாள்:

“போதும் எடி, அவர் இழுத்திட்டார். நீங்கள் எழும்புங்கோ.”